நியூட்ரல்ல இறங்கினா பெட்ரோல் மிச்சமா?

ஃபைனல் இயர் டூர் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல்ல எந்த ரூமுக்குப் போனாலும் ஊட்டியா, வால்பாறையா, கொல்லிமலையாங்கிற பஞ்சாயத்துதான். நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு கார் எடுக்கிறாங்க. கிளட்ச் தொல்லை வேண்டாம்னு ஆட்டோமேட்டிக்காகவே கேக்குறாங்க. கூடவே ஒரு அட்வைஸ் இலவசமா வருது: "இறக்கத்துல நியூட்ரல் போட்டு விட்டுடு மச்சி, பெட்ரோல் மிச்சம்." இந்த அட்வைஸ் மைலேஜ் கணக்குலயும் தப்பு, மலைப்பாதையில ஆபத்தும் கூட. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு நியாயம் சொல்லிடணும். நம்ம அப்பா, மாமா காலத்துல இது முட்டாள்தனமான யோசனை கிடையாது. கார்புரேட்டர் வண்டியில இன்ஜின் காற்றை இழுத்தா பெட்ரோலும் கூடவே உள்ள போகும். கியர்ல இறங்கும்போது சக்கரம் இன்ஜினை 3000 ஆர்பிஎம்ல சுத்த வைக்கும். ஆக்சிலரேட்டர்ல கால் இல்லாட்டியும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கிட்டேதான் இருக்கும். நியூட்ரல் போட்டா 800 ஆர்பிஎம்முக்கு வந்துடும், செலவு குறையும். அம்பாசடரும் பழைய மாருதி 800ம் ஓட்டினவங்களுக்கு அது அனுபவம் கத்துக்கொடுத்த விஷயம்.

இன்ஜெக்ஷன் வந்ததும் கணக்கு தலைகீழாயிடுச்சு. கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசா விட்டு, ஆர்பிஎம் ஐடிலை விட நல்லா மேல இருந்தா, இசியூ இன்ஜெக்டரை மூடிடும். பெட்ரோல் பூஜ்ஜியம். இன்ஜினை சுத்த வைக்கிறது சக்கரம், அதாவது மலையோட சரிவு. ஆர்பிஎம் ஐடில் பக்கத்துல இறங்கினாத்தான் மறுபடி இன்ஜெக்டர் திறக்கும். ஆனா நியூட்ரல் போட்ட உடனே சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துடுது. இன்ஜின் அணையாம இருக்க அதுவே பெட்ரோல் குடிச்சாகணும். சின்ன பெட்ரோல் காருக்கு மணிக்கு சுமார் 0.7 லிட்டர், ஏசி போட்டா இன்னும் கூடும். நம்பிக்கை இல்லாதவங்க ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கிற ஓபிடி போர்ட்ல ஒரு ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி, போன்லயே பார்த்துக்கலாம்.

"ஆட்டோமேட்டிக்ல நடுவுல வெறும் ஆயில்தானே இருக்கு, சக்கரம் எப்படி இன்ஜினை சுத்தும்?"னு தெர்மல் படிச்ச யாராவது கேப்பாங்க. நல்ல கேள்வி. டார்க் கன்வெர்ட்டருக்குள்ள ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கு. வண்டி ஓட்டத்துல அது பிடிச்சுக்கும், அப்புறம் நேரடி இணைப்பு மாதிரிதான். நம்ம ஊர்ல சின்ன கார்கள்ல அதிகமா வர்ற ஏஎம்டி இன்னும் சுலபம்: அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் வண்டியே பார்த்துக்குது.

இனி ஆபத்து பக்கம். குன்னூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்கம் ஏறக்குறைய 1500 மீட்டர், தூரம் 30 கிலோமீட்டர் சொச்சம். ஆட்களோட சேர்த்து கார் 1300 கிலோன்னு வெச்சுக்கோங்க. எம்ஜிஹெச் போட்டா 19 மெகாஜூல். டயர் உராய்வும் காற்றும் சேர்ந்து ஒரு 6 மெகாஜூல் எடுத்துக்கும் (ரஃப் கணக்குதான், திட்டாதீங்க). பாக்கி 13 மெகாஜூல் எங்கேயாவது போயாகணும். நியூட்ரல்ல இறங்கினா மொத்தமும் பிரேக் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான். 40 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது!

அந்த சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி. அது காற்றுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் ஆயில். ஈரம் ஏறினா 140க்கு இறங்கிடும். வாடகைக் கார்ல ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆயில் கொதிச்சா குழாய்ல ஆவிக்குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். ஊட்டியிலேர்ந்து மசினகுடி இறங்குற கல்லட்டி பாதையில 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் அந்த வழியா கீழ இறங்கத் தடை போடுற அளவுக்கு அங்க விபத்து நடந்திருக்கு.

இதெல்லாம் எதுக்காக? இறங்குற ஒரு மணி நேரத்துல மிச்சம்னு நினைச்சது, நிஜத்துல 70 ரூபாய் கூடுதல் செலவு.

நியூட்ரல் ஜெயிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. லேசான சரிவு, நேர் ரோடு, பிரேக்கே தேவையில்லன்னா கியர்ல விட்ட வண்டி வேகம் குறைஞ்சு, மறுபடி ஆக்சிலரேட்டர் கேக்கும். நியூட்ரல்ல உருண்டா தூரம் கூடக் கிடைக்கும். அதனாலதான் ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஜி மாதிரி சில கியர்பாக்ஸ்ல இந்த உருட்டலைத் தானாவே செய்ற வசதி வெச்சிருக்காங்க. பிரேக் தொட்டதும் திரும்ப இணைச்சுடும். நம்ம கையால செய்யும்போது அந்த புத்திசாலித்தனம் கிடையாது. வேகத்துல என்-லேர்ந்து டி-க்கு தள்ளும்போது 800ல இருக்கிற இன்ஜினைச் சட்டுனு மேல இழுக்கிறது உள்ள இருக்கிற கிளட்ச்தான், தேயுறதும் அதுதான். எலக்ட்ரிக் கார்ல நியூட்ரல் இன்னும் பெரிய நஷ்டம்: பேட்டரிக்குத் திரும்ப வர வேண்டிய கரண்ட்டே வராது.

டி-யில விட்டா மட்டும் போதுமான்னா, மலையில போதாது. டி பொதுவா மேல் கியரைத்தான் தேடும், அதுல இன்ஜின் பிடிப்பு குறைவு. எல், 2, எஸ், எம்னு வண்டிக்கு வண்டி எழுத்து மாறும். எதுவா இருந்தாலும் கீழ் கியரைப் பிடிச்சு வைக்கிறதுதான் வேலை. ஏஎம்டியில லீவரை எம்-க்கு தள்ளி மைனஸ் பக்கம் தட்டணும். இன்ஜின் கொஞ்சம் கத்தும், கத்தட்டும். அந்த நேரத்துல அது ஒரு சொட்டு பெட்ரோல்கூட குடிக்கல. பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்க. கருகின வாசனை வந்தா அகலமான இடமா பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் டீ குடிங்க, டிஸ்க்ல தண்ணி ஊத்தாதீங்க.

கார் சாவி வாங்கும்போது ப்ளூடூத் எப்படி கனெக்ட் பண்றதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, இதுல கீழ் கியர் எப்படிப் போடுறதுன்னு கேட்டு, பார்க்கிங்லயே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கோங்க.