கப்பல் வந்தால் உலை கொதிக்கும்

கடலூரில் ஒரு ரயில் நிலையத்துக்கே ‘துறைமுகம் சந்திப்பு’ என்று பெயர். துறைமுகம் கப்பல்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கப்பல் வந்தால் மூட்டை தூக்குகிறவருக்குக் கூலி, லாரிக்கு வாடகை, டீக்கடைக்கு வியாபாரம். எத்தனை வீட்டில் உலை கொதிக்கும்!

சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு ஆலை வைத்தார். தாது சேலத்திலிருந்து வந்தது. இத்தனை தூரம் ஏன்? கரையில் கப்பல் கிடைத்ததால் அல்லவா?

கடலூரில் என்ன குறை? கெடிலமும் பரவனாறும் கடலில் சேரும் வாயை மணல் அடைத்துவிடும். அதனால் பெரிய கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போட்டன. சரக்கு படகில் வந்தது. இரட்டைச் செலவு! இப்போது சாகர்மாலா திட்டப் பணத்தில் ஆழப்படுத்தி, கப்பல் அணையத் தளம் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மணல் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? துறைமுகம் பொதுச் சொத்து. தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் பொறுப்பு. ஆண்டுதோறும் மணல் வாரப் பணம் ஒதுக்க வேண்டும். மீன்பிடிப் படகுகளுக்கும் அதே வாய்தான் வழி.

இன்னொன்று. சிதம்பரத்தில் படித்துவிட்டுச் சென்னைக்கு வேலை தேடி ஓடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! கிரேன் ஓட்டவும், சரக்குக் கணக்குப் பார்க்கவும் முதலில் அவர்களைப் பழக்கட்டும்.