முழங்கால் வரைதான் சார்!

தாய்லாந்து போய்த் திரும்புகிறவர்கள் சமீபகாலமாக ஒரு புலம்பலோடு வருகிறார்கள். "அவ்வளவு காசைக் கொட்டிட்டுப் போறோம், மாயா பேயில கால் நனைக்க மட்டும்தான் விடறான் சார். முழங்காலுக்கு மேல இறங்கினா விசில் ஊதறான். இதுக்கு நம்ம மெரினாவே தேவலாம்!"

தாராளமாக மெரினாவுக்கே போகட்டும். நான் விசில்காரர் கட்சி.

மாயா பே தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. புக்கெட்டிலிருந்து ஸ்பீடு போட்டில் சுமார் ஒரு மணி நேரத் தூரத்தில் பீ பீ லே என்று ஒரு குட்டித் தீவு. ஊர், தெரு, ஓட்டல் எதுவும் கிடையாது. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், நடுவே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், ஓரத்தில் மாவு சலித்துக் கொட்டிய மாதிரி வெள்ளை மணல். அந்த மணல்கரையின் நீளம் மொத்தமே சுமார் 250 மீட்டர்தான். எக்ஸ்பிரஸ் ரயில் நிற்கிற பிளாட்பாரத்தில் பாதிகூடத் தேறாது!

2000-இல் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' வந்தது. யார் கண்ணிலும் படாத கடற்கரையைத் தேடிப் போகிற கதை. பார்த்துவிட்டு உலகமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதற்கு முன்பே, 1999-இல், படம் எடுக்க வந்தவர்கள் ஒரு திருப்பணி செய்திருந்தார்கள். சினிமா சொர்க்கம் இன்னும் கொஞ்சம் சொர்க்கமாகத் தெரிய வேண்டுமாம். மணல்மேட்டைச் சரித்து, அங்கேயே முளைத்திருந்த செடிகொடிகளைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து தென்னை மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். உள்ளூர் நிர்வாகங்கள் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு முடிந்தது எப்போது தெரியுமா? 2022-இல்! நம்ம ஊர் கோர்ட்டுகளை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

கூட்டம் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை போனது. அந்த அரைப் பிளாட்பாரத்தில்!

பவளப்பாறை என்பது பெயரில்தான் பாறை. உண்மையில் அது உயிர். நங்கூரம் விழுந்தால் உடையும். படகு புரொப்பெல்லர் கிளப்பிவிடுகிற மணல் மேலே படிந்தால் வெயில் கிடைக்காமல் செத்துப்போகும். நாம் உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு இறங்குகிற சன்ஸ்க்ரீன் கிரீமில் உள்ள சில ரசாயனங்கள் அதற்கு விஷம். 2021-இல் தாய்லாந்து தன் தேசியப் பூங்காக்களில் அந்த வகை கிரீம்களுக்குத் தடையே போட்டது. உடைந்த பவளம் வருஷத்துக்கு வளர்வது சில சென்டிமீட்டர். உடைக்க ஒரு நங்கூரம், ஒரு நிமிஷம் போதும்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்... மெஷினை விற்று வந்த காசை வியாபார வருமானம் என்று எழுதக்கூடாது. எழுதினால் அந்த வருஷ லாபம் ஜோராகத் தெரியும். அப்புறம் ஓட்டுவதற்கு மெஷின் இருக்காது. மாயா பேயில் பதினெட்டு வருஷம் நடந்தது அதுதான். 2018 ஜூனில் இழுத்து மூடியபோது பவளத்தில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

முதலில் நாலு மாசம் என்றார்கள். போதவில்லை, காலவரையறை இல்லாமல் நீட்டினார்கள். நடுவில் கொரோனாவும் வந்தது. மூன்றரை வருஷம் கழித்து 2022 ஜனவரியில் திறந்தபோது, காணாமல் போயிருந்த கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்ப வந்திருந்தன. ஆளை விரட்டிக் கடிக்கிற ரகம் இல்லை, பயந்த சுபாவம். கரையோரம் ஆழமில்லாத தண்ணீர்தான் அவற்றின் குட்டிகள் வளர்கிற இடம். முழங்கால் கண்டிஷன் ஏன் என்று இப்போது புரிகிறதா? நாம் குளிக்க ஆசைப்படுவது இன்னொருவர் வீட்டுத் தொட்டிலில்!

"இப்படிப் பூட்டினா படகோட்டி வயித்துக்கு என்ன செய்வான்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை 5,000 பேரை உள்ளே விட்டபோதே கேட்டிருக்க வேண்டும். பத்து வருஷம் முன்னாலேயே தலைக்கணக்கு வைத்து அனுப்பியிருந்தால் இத்தனை வருஷம் கதவைச் சாத்த வேண்டிய அவசியமே வந்திருக்காது. தாய்லாந்து அதிகாரிகளைத் திட்ட ஆசையா? மூடியதற்குத் திட்டாதீர்கள், அவ்வளவு லேட்டாக மூடியதற்குத் திட்டுங்கள்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "டிக்கெட்டைப் பத்து மடங்கு ஏத்திவிடு, கூட்டம் தானா குறையும்!" காமர்ஸ் படித்தவன் இதற்குத் தலையாட்டுவான் என்று எதிர்பார்ப்பார்கள். மாட்டேன். கோடீஸ்வரர் பூசிக்கொண்டு வரும் கிரீம் பவளத்துக்கு அமிர்தமா என்ன? வெறும் விலையால் கூட்டத்தைக் குறைத்தால், கடற்கரையைப் பணக்காரருக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததாகத்தான் ஆகும். பத்து மடங்கு கட்டியவர் முழங்காலோடு நிற்பாரா? "இவ்வளவு கொடுத்தேன், நீந்த விடு" என்று சட்டம் பேசுவார்.

2022-இல் திறந்தபோது அவர்கள் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் 400 பாட். ஆனால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தியது அந்தக் கட்டணம் இல்லை, எண்ணிக்கை. ஒரு மணி நேரச் சுற்றுக்குச் சில நூறு பேர்தான். படகு எதுவும் வளைகுடாவுக்குள் நுழையக்கூடாது. தீவின் முதுகுப் பக்கம் இறங்கி மரப்பாதையில் நடந்து வர வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்த பேட்ச். நம்ம திருப்பதி கியூவில் பழகியவர்களுக்கு இது ஒரு கஷ்டமா? ஜருகண்டி சொன்னால் நகர்கிறோம், சுறாவுக்காகச் சொன்னால் மட்டும் கௌரவம் இடிக்கிறதாக்கும்!

2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்ததிலிருந்து டிராவல்ஸ்காரர்கள் காட்டில் மழை. அவர்கள் கொடுக்கிற நோட்டீஸில் மாயா பே போட்டோ பளபளக்கும், காலியான கடற்கரையோடு. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாசமும் அந்தக் கரைக்கு வருஷாந்திர லீவு என்பது மட்டும் அதில் இருக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தீவுல இறக்கி விடுவீங்களா, இல்லை படகுலேர்ந்து கையை நீட்டிக் காட்டுவீங்களா?"