மஞ்சள் சாயம் வெளுக்குமா?

துணி வெளுப்போர் மிகுதியாகக் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பெயர் பெற்றது நம் ஊர். ஒரு துணியின் சாயம் நல்லதா, பொய்யா என்பது கடையில் வாங்கும்போது தெரிவதில்லை; முதல் வெளுப்பில்தான் தெரியும். மனிதர் மனிதர்மீது வைக்கும் அன்பும் அத்தகையதே. வெற்றி பெற்று நிற்பவனைப் புகழ யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. அவன் கால் ஓய்ந்து, கை தளர்ந்து நிற்கும் நாளில் அவனிடம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் அன்பின் சாயம் தெரிகிறது. இதனை ஆராய்ந்து பார்க்க நம் நகரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மகேந்திர சிங் தோனியும், அவர்மீது சென்னை மக்கள் கொண்ட பற்றுமே அது.

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 2025 நவம்பர் 2ஆம் நாள் ஹர்மன்பிரீத் கவுர் தலைமையில் நம் நாட்டுப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு அக்கேள்விக்கு இடமில்லை. மேலும், சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் மாலையில் வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் சற்று நின்று பார்த்தால் போதும். மஞ்சள் சட்டையில் தந்தையர் மட்டுமா செல்கின்றனர்? அக்காள், தங்கை, அம்மா, பாட்டி என்று குடும்பமே செல்கிறது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியே.

தோனி தமிழர் அல்லர். 1981ஆம் ஆண்டு ராஞ்சியில் பிறந்தவர். 2008இல் சென்னை அணிக்கு வந்தார். அவர் தலைமையில் இவ்வணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய 5 ஆண்டுகளில் கோப்பையை வென்றது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணி தடை செய்யப்பட்டிருந்தது. தடை நீங்கித் திரும்பிய 2018இல், காவிரிப் போராட்டத்தின் காரணமாக ஆட்டங்கள் சென்னையிலிருந்து புனேவுக்கு மாற்றப்பட்டன. அப்போது நம் ரசிகர்கள் தனி ரயிலில் ஏறிப் புனே வரை சென்று ஆட்டம் பார்த்தனர். வந்தவரை வாழவைக்கும் ஊர் என்று சென்னையைச் சொல்வார்கள். ராஞ்சியிலிருந்து வந்த ஒருவரைத் 'தல' என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஊருக்கு அப்பெயர் பொருத்தமானதே.

ஆனால் காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. விக்கெட் காப்பாளரின் வேலை முழங்காலைத் தின்னும் வேலை. இருபது ஓவர் ஆட்டத்தில் குறைந்தது 120 முறை குந்தி எழ வேண்டும். பிறகு மட்டை பிடித்து, ஓட்டத்துக்கு ஓட வேண்டும். 2023ஆம் ஆண்டுப் போட்டி முழுவதையும் தோனி இடது முழங்கால் வலியோடுதான் ஆடினார். கோப்பையை வென்ற சில நாட்களில், அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், மும்பையில் அந்த முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் தலைமைப் பொறுப்பை இளைஞர் ருத்துராஜ் கெய்க்வாடிடம் ஒப்படைத்தார். அதன்பின் பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசி ஓவர்களில்தான் மட்டை பிடிக்க வந்தார்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள் நம் முன்னோர். 2024இல் அப்பழமொழி மெய்யாயிற்று. ஏப்ரல் 14ஆம் நாள் மும்பையில் கடைசி ஓவரில் வந்தவர், 4 பந்துகளே ஆடி, அவற்றில் மூன்றை சிக்சர்களாக்கி 20 ஓட்டங்கள் எடுத்தார். சென்னை அணி வென்றதும் சரியாக 20 ஓட்ட வித்தியாசத்தில்தான். அவ்வாண்டு முழுவதும் அவர் சந்தித்தவை 73 பந்துகள். எடுத்தவை 161 ஓட்டங்கள்.

2025இல் நிலைமை மாறியது. 145 பந்துகளில் 196 ஓட்டங்களே வந்தன. அவருடைய உடலும் முழங்கால்களும் முன்போல் இல்லை என்றும், பத்து ஓவர்கள் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் இயலாது என்றும் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் வெளிப்படையாகவே கூறினார். கெய்க்வாட் முழங்கை அடிபட்டு விலகியதால் தோனியே மீண்டும் தலைமை ஏற்க நேர்ந்தது. அவ்வாண்டு சென்னை அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பிடித்தது.

இந்த இடத்தில்தான் ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், 'இன்னும் ஏன் விலகவில்லை?' என்று ஏசத் தொடங்கினர். மறு சாரார், 'தல வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்' என்றனர். இருவர் செயலும் அன்பாகாது என்பதே என் தாழ்மையான கருத்து.

முதலில் ஏசுவோரைப் பார்ப்போம். கைதட்டிய கைகளே கல்லெறியும் கைகளாக மாறுவது புதிதன்று. 2006 மார்ச்சில், மும்பை வாங்கடே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 21 பந்துகளில் ஓர் ஓட்டம் மட்டுமே எடுத்து ஆட்டமிழந்த சச்சின் தெண்டுல்கரை, அவர் பிறந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு பகுதியினரே கேலிக் கூச்சலிட்டு அனுப்பினர். அப்போது அவர் தோள்பட்டைக் காயத்தால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். சில நாட்களில் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். ஐந்து ஆண்டுகள் சென்றன. 2011 ஏப்ரல் 2ஆம் நாள் அதே மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது, அதே தெண்டுல்கரை இளம் வீரர்கள் தோளில் சுமந்து சுற்றி வந்தனர், கூட்டம் ஆர்ப்பரித்தது. வெற்றிக்கான கடைசி சிக்சரை அன்று அடித்தவர் தோனி. ஏசிய வாய்கள் அன்று எங்கே போயின? காயம்பட்டவனை ஏசுவது விமரிசனம் அன்று. நேற்றுவரை அவனிடம் பெற்ற மகிழ்ச்சிக்குக் கணக்குத் தீர்க்காமல் ஓடுவது.

குளத்தில் நீர் வற்றினால் பறந்துவிடும் பறவைகளையும், நீர் வற்றினாலும் அக்குளத்திலேயே கிடக்கும் செடி கொடிகளையும் ஔவைப் பிராட்டியார் மூதுரையில் ஒப்பிட்டுக் காட்டியிருப்பதை நாம் படித்திருக்கிறோம். அவ்வகையில், விலகாமல் நிற்கும் சென்னை ரசிகர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும், அவர்கள் நிற்கும் விதத்தில் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2023 மே 10ஆம் நாள் சேப்பாக்கத்தில் டெல்லி அணியை வென்ற பின் ரவீந்திர ஜடேஜா ஒரு செய்தி சொன்னார். தாம் முன்னதாக மட்டை பிடிக்க வந்தால், தாம் எப்போது ஆட்டமிழப்போம், தோனி எப்போது வருவார் என்று கூட்டம் காத்திருக்கும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அச்சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2012 முதல், அணி தடைசெய்யப்பட்ட இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, மஞ்சள் சட்டை அணிந்து உழைத்த ஒருவர், தம் சொந்த ஊர் மைதானத்தில், தம் சொந்த ரசிகர்கள் தம் வீழ்ச்சிக்காகக் காத்திருப்பதைக் காதால் கேட்கிறார்! சொந்த அணியின் விக்கெட் விழும்போது மகிழ்ச்சி ஆரவாரம் எழுகிற விந்தையை வேறெங்கு காண முடியும்?

அதற்கு விடையும் அதே மாதத்தில் கிடைத்தது. மழையால் தாமதமாகி மே 30 அதிகாலையில் முடிவடைந்த அகமதாபாத் இறுதி ஆட்டத்தில், தோனி முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் யார்? எவர் ஆட்டமிழக்க வேண்டுமென்று கூட்டம் காத்திருந்ததோ, அந்த ஜடேஜாவேதான். அவரைத் தோனி அப்படியே தூக்கிக்கொண்டார். வீரனுக்குத் தெரிந்த உண்மை ரசிகனுக்குத் தெரியாமற் போகலாமா? அந்த ஜடேஜாவும் 2025 நவம்பரில் ராஜஸ்தான் அணிக்கு மாற்றப்பட்டுவிட்டார்.

'தல வந்தால் போதும்' என்போர் 2025ஆம் ஆண்டின் இரண்டு ஆட்டங்களை நினைவுகூர வேண்டும். மார்ச் 28ஆம் நாள் சேப்பாக்கத்தில் பெங்களூர் அணிக்கு எதிராகத் தோனி ஒன்பதாவது ஆளாக வந்தார். 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். அணியோ 50 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. 2008க்குப் பிறகு பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் வென்றது அன்றுதான். 'இவ்வளவு தாமதமாக வருவதா?' என்று மக்கள் வருந்தினர். ஏப்ரல் 5ஆம் நாள் டெல்லிக்கு எதிராக அவர் முன்னதாகவே, பதினோராவது ஓவரிலேயே வந்தார். கடைசிவரை ஆட்டமிழக்காமல் 26 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். அணி 25 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. 'இவ்வளவு சீக்கிரம் வருவதா?' என்று அப்போதும் வருந்தினர். குறை வருகின்ற நேரத்தில் இல்லை. தேய்ந்த முழங்கால் ஒன்றின்மீது ஒரு நகரத்தின் ஆசை முழுவதையும் ஏற்றி வைத்ததில்தான் இருக்கிறது. வண்டி தாங்கும் பாரத்தை அறிந்து ஏற்றுவதே வண்டிக்காரனுக்கு அழகு.

அப்படியானால் உண்மையான பற்று எப்படி இருக்க வேண்டும்? மூன்று இயல்புகளைக் கூறலாம்.

முதலாவது நன்றி. திருவள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், நெடுநாள் பழகிய உரிமைக்கென்று 'பழைமை' என்றே தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். பழகியவர் செய்யும் பிழையைப் பொறுப்பதும் நட்பின் பாகம் என்பது அதன் சாரம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மகிழ்வித்தவர் ஓர் ஆண்டு தடுமாறினால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது உண்மை. அன்புள்ளவர் பொய் சொல்ல மாட்டார். 'உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்போலவே இருக்கிறீர்கள்' என்று நோயாளியிடம் சொல்வது ஆறுதலாகலாம், மருந்தாகாது. தோனியே தம் நிலையை உணர்ந்துதான் தலைமையை விட்டார். கடைசி ஓவர்களுக்கென்று தம்மைச் சுருக்கிக்கொண்டார். 2025க்கு அணி அவரைத் தக்கவைத்த தொகை 4 கோடி ரூபாய். கெய்க்வாடுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி. அவர் தம்மைச் சிறிதாக்கிக்கொள்ளச் சம்மதித்திருக்க, ரசிகர் மட்டும் அவரைப் பழைய அளவிலேயே காண அடம் பிடிக்கலாமா?

மூன்றாவது, இடம் விடுதல். 2025 மே 3ஆம் நாள் பெங்களூரில் ஆயுஷ் மாத்ரே என்னும் 17 வயதுச் சிறுவன் சென்னைக்காக 94 ஓட்டங்கள் குவித்தான். அணி 2 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றாலும், நாளைய விளக்கு ஒன்று அன்று ஏற்றப்பட்டது. ஆலமரத்தின் நிழலை வாழ்த்துவோம். அதற்காகக் கன்றுகளை மிதிக்க வேண்டுமா?

தோழியரே, இது மைதானத்தோடு முடிகிற செய்தியன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைகளில் நின்றே வேலை செய்தவர்கள் வாழும் பகுதி இது. நம் தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் தேய்ந்த முழங்கால்கள் எத்தனை! அவர்கள் மாடிப்படி ஏறும்போது யாரும் விசில் அடிப்பதில்லை. சம்பாதித்த காலத்தில் வீட்டின் நடுவில் இருந்த நாற்காலி, ஓய்ந்த பின் மெல்ல மூலைக்குப் போய்விடுகிறது. பார்த்தறியாத ஒருவரின் முழங்காலுக்காகக் கண்ணீர் விடும் நாம், தைலம் தேய்த்துவிடச் சொல்லி அழைக்கும் பாட்டியிடம், 'இதோ வருகிறேன்' என்று சொல்லிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா?

பள்ளி விளையாட்டிலும் இதுவே நெறி. அணித் தலைவி கணுக்கால் சுளுக்கி அமர்ந்துவிட்டால், அவளை மறந்துவிடுவதும் தவறு. அவளுக்குப் பதிலாக இறங்கும் சிறியவளின் ஒவ்வொரு தவற்றுக்கும் 'அவள் இருந்திருந்தால்' என்று பெருமூச்சு விடுவதும் தவறு. அமர்ந்திருப்பவளுக்கு அருகில் ஓர் இடம் வேண்டும்; இறங்குபவளுக்கு ஒரு கைதட்டல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கொடுக்கத் தெரிந்த மனமே பெரிய மனம்.

2021 நவம்பரில் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், தம் கடைசி ஆட்டம் சென்னையிலேயே அமையும் என்று நம்புவதாகத் தோனி கூறினார். அந்நாள் எந்நாளாயினும், வழியனுப்பும் கூட்டம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே. அவருக்கு முன் ஆடுபவன் நன்றாக ஆடினால் மனமாரக் கைதட்டுங்கள். அவன் நிலைத்து நிற்க வேண்டுமென்று விரும்புங்கள். பெரியவர் இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் ஆட்டம் வென்றால், அதையும் அவருக்குச் செய்த மரியாதையாகக் கருதுங்கள். அவர் இறங்கினால், எடுக்கும் ஓட்டம் முப்பதானாலும் மூன்றானாலும் எழுந்து நில்லுங்கள். அப்போதுதான் நம் மஞ்சள் எத்தனை முறை வெளுத்தாலும் போகாத நல்ல சாயம் என்று உலகம் ஒப்புக்கொள்ளும்.