தனிமையில் உடைந்தது சுபாவமா, சூழ்நிலையா?

கொவிட் காலத்தில் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தமைக்கு மன்னிப்புக் கோருவதென 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. மன்னிப்பு மட்டும் போதுமா, நட்டஈடு வேண்டாமா என்ற விவாதம் தொடரட்டும். ஆனால் அந்த மாதங்களில் வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடந்த மனங்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி நமது சமூகம் இன்னும் வாய் திறக்கவில்லை.

திறந்தாலும் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். "அவருடைய சுபாவமே அப்படித்தான், எதற்கும் பயம்" என்கிறோம். இன்னும் சிலர் ஈமான் பலவீனம் என்றே தீர்ப்பளித்துவிடுகிறார்கள்.

சுபாவத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர்கள் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவற்றில் எளிதில் கலங்கும் தன்மை அதிகமுள்ளவர்களே பெருந்தொற்றின்போது கூடுதலாக மனம் சோர்ந்தார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டின. ஆச்சரியம் வேறோர் இடத்தில் இருந்தது. அமைதியானவர்களுக்கு முடக்கம் ஒரு விடுமுறை போல இருக்கும் என்றுதான் ஆரம்பத்தில் பலரும் எதிர்பார்த்தார்கள். சில ஆய்வுகளில் அவர்களே அதிகத் தனிமையை உணர்ந்ததாகத் தெரிய வந்தது.

எனக்கு இது விளங்காத விடயமல்ல. கலகலப்பானவர் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வட்ஸ்அப்புக்கு மாறிவிட்டார். அதிகம் பேசாதவருக்கு இருந்த உறவே பள்ளிவாசலில் தினமும் பக்கத்து ஸப்பில் நிற்கும் மனிதர்தான். அஸருக்குப் பிறகு ஒரு பிளேன்டீ, இரண்டு வார்த்தை, அவ்வளவே. பள்ளிகள் மூடப்பட்டபோது அதுவும் போயிற்று. அவர் யாருக்கும் தொலைபேசி எடுக்கும் ஆளுமல்ல. "அவர் தனியாக இருக்கப் பழகியவர்" என்று நினைத்து அவருக்கும் யாரும் எடுக்கவில்லை. கொழும்புத் தோட்டங்களிலோ இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். அமைதி விரும்பிக்கு அங்கே தனிமையும் கிடைக்கவில்லை, துணையும் கிடைக்கவில்லை.

இதற்கு மேல்தான் ஜனாஸா விவகாரம் வந்தது. கொவிட் மரணங்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த நிலை நீடித்தது. காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போகலாமா, போனால் திரும்பி வராவிட்டால் மையித்துக்கு என்ன கதி என்ற கேள்வி பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த நாட்களில் ஒருவர் நமது மூத்தவர்களிடம் மனநலக் கேள்விக்கொத்தை நீட்டியிருந்தால், பாதிப்பேரைப் "பதற்ற சுபாவம்" என்று குறித்திருப்பார். உண்மையான ஆபத்துக்குப் பயந்தவனையும் இயல்பிலேயே பயந்தவனையும் அந்தத் தாள் எப்படிப் பிரித்தறியும்? அட்டுலுகமயும் அக்குறணையும் முடக்கப்பட்டபோது ஊடகங்கள் சில பேசிய பேச்சு வேறு.

தனித்திருப்பது நமக்குப் புதிதல்ல. நமது பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பவர்கள். ஆனால் அந்த வீட்டுக்கு உறவுப் பெண்கள் வருவார்கள், சாப்பாடு வரும், பேச்சு வரும். கொவிட் காலத்து விதவைக்கு மையித்தைப் பார்க்கவும் கிடைக்கவில்லை, கபுறும் இல்லை, கதவைத் தட்டவும் ஆளில்லை. எவ்வளவு உறுதியான சுபாவமாக இருந்தாலும் இதைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

உலர் உணவுப் பொதிக்கு நமது பள்ளி நிர்வாகங்கள் அன்று துல்லியமாகப் பட்டியல் போட்டன. தனியாக இருப்போர் யார், மூன்று நாளாகக் குரல் கேட்காதோர் யார் என்று ஒரு பட்டியல் இருக்கவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தைப் பள்ளி அறிவித்தல் பலகையில் நான் இன்றுவரை கண்டதில்லை. எரிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு இப்போதாவது இரண்டு பெண்களை அனுப்பி விசாரிக்கலாம். அந்த வீடுகள் எவை என்பது ஒவ்வொரு ஊர் நிர்வாகத்துக்கும் தெரியும்.