ஸ்பிதிக்குக் கூடாரமே போதும்

கேரவன் என்றதும் நமக்கு நடிகர் ஓய்வெடுக்கும் வண்டியே நினைவுக்கு வரும். இன்று குடும்பங்களும் அதை வாடகைக்கு எடுக்கின்றன. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். இமாசலத்தில் கிராம்பூவிலிருந்து காசா செல்லும் மலைப்பாதைக்குப் பொருந்தாது. அங்கே பனியுருகிய ஓடைகள் பிற்பகலில் பெருகிச் சாலையின் குறுக்கே பாயும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீளும் வண்டியின் அடிப்பகுதி பாறையில் இடிக்கும். டிரெய்லர் இன்னும் தொல்லை. எதிரே லாரி வந்தால் பள்ளத்தின் விளிம்பிலேயே பின்னோக்கி நகர்த்தவேண்டும். அதுவோ ஸ்டீயரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிராக மடங்கும். ஆகவே உயரமான ஜீப்பும் கூடாரமுமே என் தேர்வு. 4,500 மீட்டரைத் தாண்டும் குன்சும் கணவாயை ஒட்டிய இரவுகளில் குளிர் கொடியது. ஆயினும் கூடாரத்துக்குள் அடுப்பெரித்தலாகாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உறக்கத்திலேயே கொல்லும். மூட்டுவலியுள்ள பெற்றோர் உடன்வருவதாயின், கணவாயைத் தாண்டியதும் வரும் லோசர் ஊரில் கூரையுள்ள அறை ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.