உறிஞ்சுவது யார்? தள்ளுவது யார்?

தட்டில் சிறிது வண்ண நீர். நடுவில் எரியும் மெழுகுவத்தி. அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறோம். சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. நீர் குவளைக்குள் ஏறுகிறது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுள் பலர் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்து காட்டியிருப்பர். அதற்கான விளக்கமும் நமக்கு மனப்பாடம். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி. மெழுகுவத்தி எரிந்து அதனைத் தீர்த்துவிட்டது. காலியான இடத்தை நீர் நிரப்பியது.

இவ்விளக்கம் தவறானது. பல ஆண்டுகள் இதனையே கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவர்களைப் படியெடுக்கச் செய்தவன் நான் என்பதால், இதைச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் சுமார்; கையெழுத்து அதைவிடச் சுமார். ஒருநாள் எழுந்து, "ஐயா, வீட்டுல மூனு மெழுகுவத்தி வெச்சுப் பார்த்தேன். தண்ணி இன்னும் மேல ஏறுது. உள்ள இருக்கிறது அதே அளவு காத்துதானே?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "தேர்வில் கேட்டால் புத்தகத்தில் உள்ளதை எழுது" என்றேன். அமர்ந்துவிட்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்றிரவு சமையலறையில் நானே செய்து பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் பார்த்தும் பாராதவை கண்ணில் பட்டன. குவளையைக் கவிழ்த்தவுடன் அதன் விளிம்பில் குமிழிகள் வெளியேறின. சுடர் எரிந்துகொண்டிருந்தபோது நீர் அவ்வளவாக ஏறவில்லை. சுடர் மங்கி அணைந்த பின்னர்தான் விறுவிறுவென்று ஏறியது. உயிர்வளி குறையக் குறைய நீர் ஏறுவது உண்மையானால், எரியும்போதே அது படிப்படியாக ஏறியிருக்க வேண்டுமே!

நடப்பது இதுதான். சுடரின் வெப்பத்தால் காற்று விரிவடைகிறது. ஒரு பகுதி குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்கிறது; எரிந்ததால் உண்டான நீராவியும் நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தட்டிலுள்ள நீரை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவத்தி என்றால் வெப்பம் கூடுதல், வெளியேறும் காற்றும் கூடுதல். ஆகவே நீர் உயரமாக ஏறுகிறது. உயிர்வளி செலவாவது மெய்தான். ஆனால், அதன் இடத்தில் கரிவளியும் நீராவியும் உண்டாகின்றன. மேலும், உள்ளிருக்கும் உயிர்வளி முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. அந்த 'ஐந்தில் ஒரு பங்கு' கணக்கு ஏதோ ஒருமுறை ஒத்துவந்தால் அது தற்செயலே.

காற்றழுத்தத்தைக் கண்முன் காட்டும் அருமையான பரிசோதனை இது. அதைக் கொண்டு வேறொன்றை, அதுவும் பிழையாக, கற்பித்து வந்திருக்கிறோம்.

நம் சொற்களும் இதில் பங்காளிகள். 'உறிஞ்சுகுழல்' என்கிறோம், நாம் இழுப்பதால் பானம் வருவதாக மாணவன் நினைக்கிறான். வாயால் நாம் செய்வது குழலுக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. பானத்தை மேலே தள்ளுவது வெளிக்காற்று. கடற்கரை மட்டத்தில் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் காற்று அழுத்துகிறது. அவ்வழுத்தம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வரைதான் தாங்கும். எவ்வளவு வலிய பொறியை வைத்து மேலிருந்து உறிஞ்சினாலும் அதற்குமேல் நீர் ஏறாது. இழுப்பதுதான் காரணமென்றால் வலிமை கூடக்கூட உயரமும் கூட வேண்டுமல்லவா? நீரைவிடப் பன்மடங்கு அடர்த்தியான பாதரசம் ஏறத்தாழ 76 செண்டிமீட்டரில் நின்றுவிடுவதை இத்தாலியில் டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டு குழாய்ப் பரிசோதனையால் காட்டினார். அதற்காகச் சொல்லை மாற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உறிஞ்சுகுழல் அப்படியே இருக்கட்டும். சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பிழையை வகுப்பில் எடுத்துக் காட்டினால் போதும்.

இங்கே இன்னொன்றையும் மனந்திறந்து எழுத வேண்டும். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது நம்மில் பலர் கொதித்தோம். 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்ததும் மீண்டும் குரல் கொடுத்தோம். அறிவியல் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், தமிழில் கேட்கப்பட்ட ஒரு நல்ல கேள்வியைத் தமிழிலேயே வாயடைத்து அமரவைத்த நான், எந்த மொழிக்காகப் போராடினேன்? பிள்ளை தன் தாய்மொழியில் எளிதாக ஐயம் கேட்பான் என்பதுதானே நம் வாதத்தின் உயிர்நாடி?

முன்பு யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்தது. அதன்மேல் பழியைப் போட்டோம். 2021-இல் அத்தேர்வும் நீக்கப்பட்டது. விடையை ஒப்புவிக்கச் செய்யும் பழக்கம் மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். தேநீர்க் கடையில் டின் பாலுக்கு ஏன் இரண்டு துளை போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு துளை மட்டுமென்றால் பால் அடம்பிடிக்கும். மற்றொன்றின்வழி காற்று உள்ளே புகுந்தால்தான் தாராளமாக வழியும். நீர் நிறைந்த குவளையை அட்டையால் மூடித் தலைகீழாகப் பிடிக்கும் பழைய வித்தையையும் செய்யலாம். ஆனால், அரைக்குவளை நீரோடும் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம் சிந்தும், பெரும்பாலும் அப்போதும் அட்டை விழாது. ஏன் என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். அந்தச் சண்டையை உடனே தீர்த்து வைக்காதீர்கள்.

சென்ற மாதம் என் மாணவர்களிடம் ஆளுக்கோர் உறிஞ்சுகுழல் கொடுத்து, பானத்துக்கு மேலே இருக்கும்படி ஊசியால் அதில் சில துளைகள் இடச் சொன்னேன். பிறகு குடிக்கச் சொன்னேன். கன்னம் குழிந்ததே தவிர, சீராப் பானம் சரியாக ஏறவில்லை. ஒரு மாணவி துளைகளை விரலால் பொத்திக்கொண்டு குடித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிற்றுண்டிச்சாலை அம்மாதான், உறிஞ்சுகுழல் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று என்மேல் கோபமாக இருக்கிறார்.