விளம்பரம் என்று சொல்லாத விளம்பரம்

நிதி சார்ந்த தகவல்களும் ஆலோசனைகளும் மக்களைச் சென்றடைய இரண்டு வழிகள் உள்ளன. கட்டணம் செலுத்தி வெளியிடப்படும் விளம்பரம் ஒன்று. கட்டணம் ஏதுமின்றி, பார்த்தவர்கள் பிறருக்குப் பகிர்வதாலும் தேடுபொறிகள் எடுத்துக் காட்டுவதாலும் தானாகப் பரவுவது மற்றொன்று. பின்னதைச் சந்தைப்படுத்தும் துறையினர் 'ஆர்கானிக்' என்று அழைக்கின்றனர். விளம்பரம் என்றால் ஐயத்தோடு பார்க்க வேண்டும், தானாகப் பரவுவது என்றால் நம்பலாம் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். பிற பொருள்களைப் பொறுத்தவரை இந்த எண்ணத்தால் பெரிய கேடு விளைவதில்லை. சேமிப்பைப் பொறுத்தவரை இதுவே பெருங்கேட்டுக்கு வாசலாகி வருகிறது.

காரணம் எளியது. பக்கத்து வீட்டார் ஒரு கிரைண்டரைப் பரிந்துரைத்தால், அது நன்றாக அரைக்கிறதா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முதலீட்டு ஆலோசனை அப்படிப்பட்டதன்று. அதன் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தெரிந்த பிறகும், ஆதாயம் ஆலோசனையால் வந்ததா, சந்தையின் போக்கால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை அறிய இயலாத இத்தகையவற்றை 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று பொருளியல் வகைப்படுத்துகிறது. மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் 1973-இல் இக்கருத்தை முன்வைத்தனர். தரத்தை அறியவே முடியாத ஒன்றை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும், அது தரத்துக்குச் சான்றாகாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அடுத்த வாரம் பங்குச் சந்தை ஏறுமா, இறங்குமா என்று 1,024 பேர் நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்வதாகக் கொள்வோம். வாரந்தோறும் சராசரியாகப் பாதிப் பேரின் கணிப்பு பொய்க்கும். பத்து வாரங்களுக்குப் பின், ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னவர் ஒருவராவது எஞ்சியிருப்பார் என எதிர்பார்க்கலாம். மக்கள் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்ளும். மற்ற 1,023 பேரை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. தோற்றவர்கள் காணொலி வெளியிடுவதில்லை. பணத்தை இழந்தவர்களும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. எனவே, தானாகப் பரவும் செய்திகளில் வெற்றிக் கதைகள் மட்டுமே மிஞ்சுகின்றன.

உண்மை நிலை வேறாக இருக்கிறது. முன்பேரம், ஆப்ஷன் ஆகிய ஒப்பந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களைக் குறித்து இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் (செபி) 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர். மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கும் அதிகம். இந்த ஒரு கோடிப் பேரில் பலரை இவ்வணிகத்துக்கு அழைத்து வந்தவை நாளிதழ் விளம்பரங்கள் அல்ல. கைப்பேசித் திரையில் காட்டப்பட்ட 'இன்றைய லாபம்' படங்கள்.

கட்டணமில்லாமல் பரவுவதாகத் தோன்றுவதெல்லாம் உண்மையில் கட்டணமில்லாதவையும் அல்ல. சாத்னா பிராட்காஸ்ட் நிறுவனப் பங்கு விவகாரம் இதற்குத் தெளிவான சான்று. 2022 ஜூலையில் இரண்டு யூடியூப் அலைவரிசைகள், அந்நிறுவனத்தை ஒரு பெரிய தொழில் குழுமம் கையகப்படுத்தப் போவதாகப் பொய்யான காணொலிகளை வெளியிட்டன. பார்ப்பவருக்கு அவை யாரோ ஒரு பங்குச் சந்தை ஆர்வலரின் கருத்தாகவே தோன்றின. அவற்றைப் பரப்பக் கட்டண விளம்பரம் பயன்படுத்தப்பட்டது என்பது செபியின் விசாரணையில் வெளிப்பட்டது. சில மாதங்களில் அப்பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-இலிருந்து 55,343 ஆக உயர்ந்தது. அவர்கள் உயர்ந்த விலைக்கு வாங்கியபோது, விவரம் அறிந்தவர்கள் விற்று வெளியேறினர். 2025 மே மாதம் பிறப்பித்த இறுதி ஆணையில், 59 தரப்பினரைச் சந்தையில் ஈடுபடத் தடை செய்த செபி, ரூ.58 கோடியை வட்டியுடன் திரும்பச் செலுத்தவும் உத்தரவிட்டது.

இது இணையத்துக்கு மட்டும் உரிய நோயன்று. தமிழகத்தில் ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு தொடர்ந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி முகவர்கள் வழியாகவும், உறவினர், நண்பர் சொல் கேட்டும் வந்தது. பரிந்துரைப்பவருக்குத் தரகு கிடைக்கும்போது, வாய்வழிப் பரிந்துரையும் கட்டண விளம்பரமே. காணொலியின் கீழே 'இந்த இணைப்பின் வழியாகக் கணக்குத் தொடங்குங்கள்' என்று தரப்படும் பரிந்துரை இணைப்பும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

இதற்கு மாறாக, வெளிப்படையான விளம்பரத்துக்குக் கடிவாளம் உண்டு. பரஸ்பர நிதி விளம்பரம் ஒவ்வொன்றிலும் சந்தை அபாயம் குறித்த எச்சரிக்கை இடம்பெற்றாக வேண்டும். சொன்னது யார் என்பது தெரியும். தவறென்றால் வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு. ஆகவே மக்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'இது விளம்பரமா, இல்லையா' என்பதன்று. 'இதைச் சொல்வதால் இவருக்கு என்ன கிடைக்கிறது, அதை இவர் வெளிப்படுத்தியிருக்கிறாரா' என்பதே.

அரசமைப்புகள் வாளாவிருக்கவில்லை. பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை வழங்குவோருடன் பங்குத் தரகு நிறுவனங்கள் உள்ளிட்டவை எவ்விதத் தொடர்பும் கொள்ளக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் செபி விதி வகுத்தது. பங்குச் சந்தைக் கல்வி என்ற பெயரில் பேசுவோர் கடந்த மூன்று மாத விலைத் தரவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. கூகுள், மெட்டா தளங்களில் விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் தங்கள் செபி பதிவு விவரங்களைக் கொண்டு அத்தளங்களில் பதிந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆனால், இந்தக் கடைசி ஏற்பாடு கட்டண விளம்பரத்தின் வாசலை மட்டுமே காக்கிறது. தானாகப் பரவும் காணொலி வரும் வாசலில் அத்தகைய காவல் இல்லை.

தடைகளால் மட்டும் இச்சிக்கல் தீராது. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டின. இவர்களுக்கு வழிகாட்ட நாடு முழுவதும் செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரே உள்ளனர். அந்த வெற்றிடத்தைத்தான் யூடியூபும் டெலிகிராம் குழுக்களும் நிரப்புகின்றன. காப்பீட்டையும் கூட்டு வட்டியையும் எளிய தமிழில் பொறுப்புடன் விளக்குவோரும் அங்கே இருக்கின்றனர் என்பதை மறுக்க முடியாது. அவர்களையும் சூதாட்டத்துக்கு ஆள் பிடிப்போரையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, பணம், தரகு, தாம் வைத்திருக்கும் பங்குகள் ஆகியவற்றைக் காணொலியின் தொடக்கத்திலேயே, பேசும் மொழியிலேயே அறிவிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். விவரக் குறிப்பின் அடியில் சிறு எழுத்தில் இடுவது போதாது. இரண்டாவதாக, பங்குகளைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் எந்தக் காணொலியிலும் செபி பதிவு எண் உள்ளதா என்று சரிபார்க்கும் பொறுப்பைத் தளங்கள் ஏற்க வேண்டும். மூன்றாவதாக, நியாயமான கட்டணத்தில் தாய்மொழியில் ஆலோசனை வழங்கும் பதிவு பெற்ற ஆலோசகர்கள் மாவட்டந்தோறும் உருவாக வழி செய்ய வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஒருவர் யார் என்று தெரியாதபோது, அது நாமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.